உயிரோடு இருப்பவர்கள் மூன்று

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் சும்மா உட்கார்ந்திருப்பேன் என்று என் தம்பி எரிபெர்த்தோ நம்பினான். அவனுக்கு என்னைப் பற்றி அவ்வளவுதான் தெரியும்.

நான் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விசாரணைப் பிரிவில் இருந்தவள். புயலில் கூரை பறந்துவிட்டது என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், அந்தக் கூரை புயலுக்கு முன்பே பறந்ததா என்று போய்ப் பார்ப்பது என் வேலை. புவேர்த்தோ ரிக்கோவின் தென்கரையில் நான் ஏறாத கூரை இல்லை. நான் கண்டுபிடிக்காத பொய்யும் அதிகம் இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, உண்மை என்பதால் சொல்கிறேன்.

ஓய்வு பெற்றதும் எங்கள் குடும்பத்தின் பூர்வீகத்தைத் தேடலாம் என்று உட்கார்ந்தேன். 1910இல் எங்கள் தீவில் எடுத்த சென்சஸ் தாள்கள் எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் கிடைக்கின்றன. வீடு வீடாக, எழுதியவரின் கையெழுத்திலேயே. யார் வீட்டில் யார் யார் இருந்தார்கள், என்ன வயது, என்ன தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா, எல்லாம் இருக்கும்.

எங்கள் கொள்ளுப்பாட்டி தெலஸ்ஃபோரா கராபாயோவுக்கு இரண்டே பிள்ளைகள் என்பது குடும்பத்தில் எல்லோரும் சொல்வது. மூத்தவர் எங்கள் தாத்தா எவுஸ்தாக்கியோ, இளையவர் லீனோ. அவர்களைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மதியம் போதுமானதாக இருந்தது. குவானிக்காவில், சர்க்கரை ஆலைக்குப் பின்னாலிருந்த குடிசை வரிசையில், தெலஸ்ஃபோரா, விதவை, துணி வெளுப்பவள். அதன் கீழே இரண்டு மகன்கள். சரியாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த வருடத்துச் சென்சஸில் தாய்மார்களிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். எத்தனை பிள்ளை பெற்றாய், அதில் எத்தனை உயிரோடு இருக்கிறது? தெலஸ்ஃபோராவின் பெயருக்கு நேராக ஏழு, மூன்று என்று எழுதியிருந்தது.

ஏழு பெற்று மூன்று மிஞ்சியிருக்கிறது. வீட்டில் இருப்பதோ இரண்டு. அப்படியானால் மூன்றாவது பிள்ளை எங்கே?

மறுநாள் காலையில் அந்தத் தாளை அச்செடுத்துக்கொண்டு எரிபெர்த்தோவின் டயர் கடைக்குப் போனேன். அவன் ஒரு லாரி டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"எவனோ எண்ணத் தெரியாதவன் எழுதியிருப்பான், விடுக்கா" என்றான்.

"எண்ணத் தெரியாதவன் கிட்ட எண்ற வேலைய குடுப்பாங்களாடா?"

"கவர்மென்ட்தானே? குடுப்பாங்க."

"அதே தாள்ல இருக்குற மத்த பொம்பளைங்களையும் பாத்துட்டேன். எல்லாருக்கும் கணக்கு சரியா வருது. ஒருத்திக்கு ஒரு பிள்ள கொறைஞ்சுது, அதுவும் நாலு வீடு தள்ளி மாமியார் வீட்டுல இருந்துச்சு. இந்த ஆளு கவனமா எழுதுறவன்."

"செத்துப் போன கிழவியோட கணக்கச் சரிபார்க்க ஒன்ன விட்டா ஆள் கிடையாது" என்று சொல்லிவிட்டு அவன் சுத்தியலை எடுத்தான். "கண்டுபிடிச்சு என்ன பண்ணப் போற? பொறந்த நாளுக்கு கேக் வெட்டப் போறியா?"

அவன் கேலி செய்தால்தான் எனக்கு வேகம் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படி.

எங்கள் ஊரில் எல்லோருக்கும் இரண்டு குடும்பப் பெயர். முதலில் அப்பாவுடையது, அடுத்து அம்மாவுடையது. கொள்ளுத்தாத்தா பெத்ரோ ஃபெலிசியானோ, அதனால் தெலஸ்ஃபோராவின் பிள்ளை என்றால் ஃபெலிசியானோ கராபாயோ என்றுதான் இருக்க வேண்டும். யவுக்கோ மாவட்டம் முழுவதையும் தாள் தாளாகப் புரட்டினேன். கரையோரத்தில் இல்லை. மலைப்பக்கம் ஏறினேன். அங்கே ஒரு காப்பித் தோட்டத்து முதலாளி வீட்டில், முதலாளி, மனைவி, பிள்ளைகள், மைத்துனி, கணக்குப்பிள்ளை என்று எல்லோரையும் எழுதி முடித்துக் கடைசி வரியில் ஒரு பெயர்.

பெத்ரொனிலா ஃபெலிசியானோ கராபாயோ. எட்டு வயது. வேலைக்காரி.

நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் படித்தேன். வயது எட்டுதான்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குப் பழக்கமான வேலை. 1920 சென்சஸிலும் பெத்ரொனிலா அதே வீட்டில் அதே கடைசி வரியில் இருந்தாள். 1926இல் காப்பி பறிக்கும் ஒருவரைக் கல்யாணம் செய்திருக்கிறாள். கல்யாணப் பதிவில் தாயின் பெயர் தெலஸ்ஃபோரா கராபாயோ என்று தெளிவாக இருந்தது. பக்கத்தில் இன்னொரு சொல்லும் இருந்தது: காலமானவர்.

அது பொய். 1930 சென்சஸில் தெலஸ்ஃபோரா எங்கள் தாத்தா வீட்டில் உயிரோடு இருக்கிறாள். உயிரோடு இருக்கும் தாயைச் செத்துவிட்டாள் என்று மகள் எழுத வைத்திருக்கிறாள். அது ஏன் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

1940 சென்சஸில் பெத்ரொனிலாவுக்கு ஒரே மகன், கொர்னேலியோ, ஆறு வயது. இப்போது இருந்தால் எண்பத்தைந்து. இருப்பார் என்று எனக்குத் தோன்றியது. மலைக்காரர்கள் லேசில் போக மாட்டார்கள்.

அந்த வாரமே காரை எடுத்துக்கொண்டு ஏறினேன். பூகம்பத்தில் விரிசல் விட்டு மழையில் அரித்துப் போன பாதை. மேலே போய் ஒரு மளிகைக் கடையில் காப்பி வாங்கிக் குடித்துக்கொண்டே விசாரித்தேன்.

"கொர்னேலியோவா?" என்றாள் கடைக்காரி. "அந்தப் பச்சை கேட்டு வீடு. நாய் இருக்கும், பயப்படாதீங்க. அது ஒண்ணும் பண்ணாது. அவருதான் கடிப்பாரு."

அவர் முற்றத்தில் காப்பிக்கொட்டையைக் காயப்போட்டு, மரக்கட்டையால் கிளறிக்கொண்டிருந்தார். நெடுநெடுவென்று உயரம். என்னைப் பார்த்ததும் கிளறுவதை நிறுத்தவில்லை.

"ஓட்டுக் கேட்டு வந்தியா, சாமி கும்பிடக் கூப்பிட வந்தியா?"

"ரெண்டும் இல்லீங்க. என் பேரு இராயிதா ஃபெலிசியானோ. குவானிக்கா பக்கத்துல இருந்து வர்றேன். உங்கம்மா பெத்ரொனிலாவும் எங்க தாத்தாவும் கூடப் பொறந்தவங்க. தெலஸ்ஃபோராவோட பிள்ளைங்க."

மரக்கட்டை நின்றது.

"அந்தப் பேர இந்த வீட்டுல சொல்லக் கூடாது" என்றார். "எங்கம்மா இருந்த வரைக்கும் யாரும் சொன்னதில்ல. நீ எந்திரிச்சுப் போம்மா."

"நான் இன்னும் உக்காரவே இல்லீங்களே" என்று சொல்லிவிட்டு, அங்கே கவிழ்த்து வைத்திருந்த ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தேன். எத்தனையோ வாசல்களிலிருந்து என்னை விரட்டியிருக்கிறார்கள். இரண்டாவது தடவை விரட்டும் வரை நான் எழுந்ததில்லை.

அவர் என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு, விரட்டுவதற்குப் பதிலாகக் கோபத்தோடு பேச ஆரம்பித்தார்.

"அப்பன் செத்ததும் அஞ்சு வயசுப் பிள்ளைய அந்தப் பெரிய வீட்டுல விட்டுட்டு, ஆம்பளப் பிள்ளைங்க ரெண்டையும் கூட்டிக்கிட்டு உங்க கிழவி கீழ எறங்கிட்டா. சோறு கெடைக்கட்டும்னுதான் விட்டான்னு எங்கம்மா மொதல்ல நெனச்சிருக்கா. வருவா வருவான்னு பாத்திருக்கா. பதினஞ்சு வயசுல யார் கிட்டயும் சொல்லாம கெளம்பி நடந்தே குவானிக்கா போயிட்டா. அங்க ஒரு பொம்பள கிட்ட கிழவி பேரச் சொல்லி வீடு எதுன்னு கேட்டிருக்கா. அவ வீட்டக் காட்டிட்டு என்ன சொன்னா தெரியுமா? 'பாவம், அவளுக்கு ரெண்டு பையனுங்கதான். ஒரு பொண்ணு இருந்துச்சு, மலையில காய்ச்சல்ல செத்துப்போச்சாம்'னா."

அவர் மரக்கட்டையைத் தரையில் ஊன்றினார்.

"எங்கம்மா வேலிக்கு வெளிய நின்னு பாத்திருக்கா. அவ துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தாளாம். கூப்பிட்டா கேக்குற தூரம். கூப்பிடல. திரும்பி நடந்துட்டா. 'என்னக் கொன்னு பொதைச்சவளுக்கு நானும் மக இல்ல'ன்னு சாகுற வரைக்கும் சொன்னா. போதுமா?"

நான் பையைத் திறந்து 1910ஆம் வருடத்துத் தாளை எடுத்தேன். காப்பிக்கொட்டை மேல் படாமல் அவர் கையில் கொடுத்து, எந்த வரி, எந்தக் கட்டம் என்று விரல் வைத்துக் காட்டினேன்.

"உங்கம்மாவ விட்டுட்டு வந்து மூணு வருஷம் ஆனப்புறம் எழுதினது இது. சர்க்கார் ஆளு வாசல்ல நின்னு எத்தனை பிள்ளை உயிரோட இருக்குன்னு கேக்குறான். வீட்டுல ரெண்டு பசங்க நிக்கிறாங்க. ரெண்டுன்னு சொல்லியிருந்தா யாருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. மூணுன்னு சொல்லியிருக்கா."

அவர் தாளைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"அப்புறம் ஏன் செத்துட்டான்னு ஊரெல்லாம் சொன்னா?"

"யாரோ அவ கிட்ட அப்படிச் சொல்லியிருக்கணும். சம்பளம் இல்லாம வேல செய்யற பொண்ணு வீட்ட விட்டுப் போகக் கூடாதுன்னு நெனச்சவங்க யாராவது."

"பெரிய வீட்டுக்காரங்களா?"

"அதுக்கு எங்கிட்ட ஆதாரம் இல்ல. ஆதாரம் இல்லாதத நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இதுக்கு ஆதாரம் உங்க கையில இருக்கு. 1910ல அவ உங்கம்மாவ மறக்கல. உயிரோட இருக்கான்னுதான் கணக்குச் சொன்னா."

அவர் அந்தக் கட்டத்தை மறுபடியும் ஒரு தடவை பார்த்தார். பிறகு தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "எந்திரி" என்றார். இரண்டாவது தடவை. எழுந்தேன். என் போன் நம்பரும் தம்பியின் டயர் கடை விலாசமும் எழுதிய அட்டையைப் பெட்டியின்மேல் வைத்துவிட்டு வந்தேன்.

"துரத்தி விட்டாரா?" என்று சிரித்தான் எரிபெர்த்தோ.

"வருவாரு பாரு" என்றேன்.

சில வாரங்கள் போயின. துவரை போட்டுச் சோறு வடித்துக்கொண்டிருந்த ஒரு மதியம் எரிபெர்த்தோ போனில் கத்தினான்.

"அக்கா, ஒடனே கடைக்கு வா. ஒரு கிழவன் வந்து உசிர வாங்குறான். டயர்ல காத்து சரியா இருக்குன்னா இல்லேங்கறான். காத்த எறக்கிட்டு மறுபடி அடிச்சா, முன்னாடியே நல்லா இருந்துச்சுங்கறான். எனக்குத் தொழில் சொல்லித் தர்றான்! கைய இடுப்புல வச்சுக்கிட்டு..." அவன் குரல் சட்டென்று இறங்கியது. "அக்கா, அப்பா மாதிரியே கத்துறாருக்கா."

நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் ஒரு பழைய பிக்கப் வண்டியின் இரண்டு பக்கமும் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்தார்கள். அதே நீள மூக்கு, அதே பொறுமையின்மை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இவன் ஒன் தம்பியா?" என்றார் கொர்னேலியோ. "வாய் ஜாஸ்தி."

"எங்க இருந்து வந்துச்சுன்னு இப்பதான் தெரியுது மாமா" என்றேன். என் அப்பாவின் அத்தை மகன், வேறென்ன சொல்லிக் கூப்பிடுவது?

அவர் அதை மறுக்கவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு, "அந்தக் கிழவிய எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

கல்லறைக்குக் கூட்டிப் போனோம். எங்கள் தாத்தா வாங்கிய இடத்தில், அவருக்குப் பக்கத்திலேயே தெலஸ்ஃபோரா இருக்கிறாள். கொர்னேலியோ கல்லில் இருந்த வருடத்தை விரலால் தடவிப் படித்தார்.

"முப்பத்தெட்டு" என்றார். "எனக்கு அப்ப நாலு வயசு."

எரிபெர்த்தோ அவர் தோளைத் தொடப் போனான். கையைத் தட்டிவிட்டார். ஆனால் நகர்ந்து போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கல்லைப் பார்த்துக்கொண்டே என்னிடம் பேசினார்.

"எங்கம்மா கல்லறைக் கல்லுல அவங்கப்பன் பேரு மட்டும்தான் இருக்கு. இந்தக் கிழவி பேரப் போடாதேன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினா. போட்டா சத்தியத்த மீறின மாதிரி ஆகும்."

"உங்க இஷ்டம் மாமா. இதுல நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

"எல்லாத்துக்கும் பேசுற, இதுக்குப் பேச மாட்டியா?"

"அந்தச் சத்தியத்த வாங்கும்போது அவங்களுக்கு இந்த விஷயம் தெரியாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். "நான் போட்டுடறேன். மேல போனா எங்கம்மா திட்டுவா. திட்டட்டும், பழகிப் போச்சு."

கல் தயாரானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மலைக்குப் போனோம். லீனோ தாத்தாவின் பேரப்பிள்ளைகளும் வந்திருந்தார்கள். எரிபெர்த்தோ தன் கடையிலிருந்து துளை போடும் மெஷினும் சிமென்ட்டும் கொண்டுவந்து, தானே முட்டி போட்டுக் கல்லைப் பதித்தான். கொர்னேலியோ மாமா மேலே நின்று, இடது பக்கம் சாய்கிறது, வலது பக்கம் சாய்கிறது என்று அவனை ஒரு வழி பண்ணினார்.

பதித்து முடித்ததும் மாமா குனிந்து உரக்கப் படித்தார். "பெத்ரொனிலா ஃபெலிசியானோ கராபாயோ. பெத்ரோவுக்கும் தெலஸ்ஃபோராவுக்கும் மகள்."

படிக்கும்போது குரல் ஒரே இடத்தில்தான் தடுக்கியது. தெலஸ்ஃபோரா என்ற பெயரை அவர் வாயால் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. பிறகு கைக்குட்டையை எடுத்து, முகத்தைத் துடைத்துக்கொள்ளாமல் கல்லின்மேல் ஒட்டியிருந்த சிமென்ட் தூளைத் துடைத்தார்.

"இப்ப சாயலியே?" என்று கேட்டான் எரிபெர்த்தோ, தரையிலிருந்தபடி.

"இல்ல" என்றார் மாமா. "ஏதோ பரவால்ல. எந்திரிடா, கீழ ஒரு கடையில பன்னி நல்லா சுடுவான். மொறுமொறு தோலு தீந்து போறதுக்குள்ள போகணும்."