அரை ஆள் அதிகம்

மிஸஸ் ஹார்ட்லி முன்னறை மூலையில் மண்டியிட்டு, கையிலிருந்த சின்னக் கருவியின் சிவப்புப் புள்ளியை எதிர்ச் சுவரில் விட்டு அளந்துகொண்டிருந்தபோது, ருஷ்னா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தான் மூச்சு விட்டால் அறை ஒரு அங்குலம் சுருங்கிவிடும் என்பதுபோல ஒரு பயம். முந்தின நாள் முழுக்க அவளும் அண்ணன் ஆஷிக்கும் இங்கிலாந்தின் ஓல்டம் நகரத்திலிருந்த அந்த வீட்டைத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். மாடிப்படி அடியில் கிடந்த அரிசி மூட்டைகளைக்கூடக் காரில் ஏற்றி அண்ணியின் அம்மா வீட்டில் இறக்கிவிட்டு வந்தார்கள். அரிசி மூட்டைக்கும் விசாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. பயம் வந்துவிட்டால் மனுஷன் எதையாவது ஒளித்துவைக்கத்தான் பார்ப்பான்.

கல்யாணமாகி இரண்டு வருஷம். அதில் கணவன் ஜுபேரோடு சேர்ந்து இருந்தது, வங்கதேசத்துச் சில்ஹெட்டில், முப்பத்தெட்டு நாள். மற்ற காகிதமெல்லாம் தயார். அவன் வந்து தங்க இந்த வீட்டில் இடம் இருக்கிறது என்று ஆய்வாளர் மிஸஸ் ஹார்ட்லி எழுதித் தருவது மட்டும்தான் பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பம் போகாவிட்டால் அவனுடைய காசநோய் இல்லை என்ற சான்றிதழ் காலாவதியாகிவிடும், பிறகு பரிசோதனை, வரிசை, காத்திருப்பு எல்லாம் முதலிலிருந்து. இன்னொரு ஆறு மாசம் தொலைபேசித் திரையில் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட அவளால் முடியாது.

மிஸஸ் ஹார்ட்லி எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள்.

"படுக்கிற மாதிரி நாலு ரூம் இருக்கு. சட்டப்படி ஏழரை பேர் வரைக்கும் இருக்கலாம். ஒரு வயசு ஆகாத குழந்தை கணக்குல வராது. பத்து வயசு ஆகாததுன்னா அரை ஆள்."

"கணக்குல வராதா?" என்றார் அப்பா மஷுக் மியா, ஆஷிக் மொழிபெயர்த்துச் சொன்னதைக் கேட்டு. "இந்த வீட்டுல சத்தம் போடறதே அவன் ஒருத்தன்தான்."

ஆஷிக் சிரித்தான். இந்தக் கணக்கை அவன் ஒரு மாசம் முன்பே போட்டு வைத்திருந்தான். அப்பா, அம்மா, அவன், அவன் மனைவி லைலி, ருஷ்னா, அவனுடைய மூத்த பெண், இளையவள் அரை, கைக்குழந்தை கணக்கில் இல்லை. ஜுபேரைச் சேர்த்தால் ஏழரை. கச்சிதம்.

மிஸஸ் ஹார்ட்லி இளையவளின் பாஸ்போர்ட்டை விரித்து, தேதியை இரண்டு தரம் பார்த்தாள். "இவளுக்குப் போன செவ்வாய்க்கிழமையே பத்து முடிஞ்சிருச்சே."

போன செவ்வாய்க்கிழமை கேக் வாங்கி வந்தது ருஷ்னாதான். பத்து என்று மெழுகுவத்தி குத்தியதும் அவள்தான். வீடே கூடி நின்று கைதட்டிய நாளில், அத்தனை பேரில் ஒருத்தருக்காவது உறைத்ததா?

"மொத்தம் எட்டு. அரை ஆள் அதிகம்," என்றாள் மிஸஸ் ஹார்ட்லி.

"அரை ஆளா?" அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மாப்பிள்ளை குச்சி மாதிரி இருப்பான்னு சொல்லுடா. எடை போட்டா முக்கால் ஆள்கூடத் தேற மாட்டான்." ஆஷிக் அதை மொழிபெயர்க்கவில்லை.

"நாங்க வேணா வாடகைக்குப் போயிடறோம்ப்பா," என்றான்.

"நான் உசுரோட இருக்கிறப்பவா? ஒருத்தரும் எங்கயும் போகக் கூடாது."

அப்போதுதான் அம்மா கமருன் டீத் தட்டோடு உள்ளே வந்தாள். தட்டைக் கீழே வைத்தாள். "எம் பேர எடுத்துடச் சொல்லு," என்றாள் ஆஷிக்கிடம்.

"மொதல்ல டீயக் குடு," என்றார் அப்பா.

"நெசமாத்தான் சொல்றேன். டவுன் கவுன்சில்ல எனக்கு வீடு குடுத்திருக்காங்க. வயசானவங்க இருக்கிற கட்டடம். ஒரு ரூம், ஒரு சமையக்கட்டு. எழுதிப் போட்டு ரெண்டு வருஷமாச்சு. போன மாசம் சாவி வந்துச்சு." இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் தட்டில், கோப்பைகளுக்கு நடுவே வைத்தாள்.

மூலைக்கடையைத் தாண்டித் தனியாகப் போனதில்லை என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த அம்மா. லைலி குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"எனக்கும் சேத்துத்தானே?" என்றார் அப்பா. அவர் குரல் அப்படி இறங்கி ருஷ்னா கேட்டதில்லை.

"ஒத்த ஆளுக்கு."

"ஏம்மா? யாரு என்ன சொன்னா?" என்றான் ஆஷிக்.

"யாரும் ஒண்ணும் சொல்லல. நாப்பத்தோரு வருஷத்துல எனக்குன்னு சாத்திக்க ஒரு கதவு இருந்ததில்ல. இவ கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். அப்பறம் மாப்பிள்ளை வரட்டும்னு இருந்தேன். இப்ப அவரு வர்றதுக்கே நான் போகணும்னா, இன்னும் எதுக்கு இருக்கணும்?"

என்ன பேச்சு என்று மிஸஸ் ஹார்ட்லி ஆஷிக்கைப் பார்த்தாள். அவன் தட்டிலிருந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவே திரும்பி, நிறுத்தி நிறுத்தி, ஆங்கிலத்தில் சொன்னாள்: "நான் இந்த வீடு இல்ல. எனக்கு வேற வீடு." மடித்து வைத்திருந்த கவுன்சில் கடிதத்தையும் நீட்டினாள். இத்தனை வருஷம் ஒரே கூரைக்கடியில் இருந்து, இந்தப் பொம்பளை யாரென்றே தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று ருஷ்னாவுக்கு இருந்தது.

மிஸஸ் ஹார்ட்லி கடிதத்தை நிதானமாகப் படித்தாள். பட்டியலில் அம்மாவின் பேர் மேல் ஒரு கோடு இழுத்தாள். "புருஷனக் கூப்பிடறது நீதானேம்மா? இங்க பக்கத்துல உன் கையெழுத்து வேணும். ஆனா இது நெசமா இருக்கணும். அவங்க எப்ப போறாங்கன்னு தேதி எழுதணும்."

எல்லாரும் ருஷ்னாவைப் பார்த்தார்கள். அப்பாவின் பார்வையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒரு வார்த்தை போதும். வேண்டாம்மா என்று ஒரே ஒரு வார்த்தை. அது தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் மனசு அதற்குள் கணக்கைப் போட்டுவிட்டிருந்தது. ஏழு பேர். இடம் அரை ஆளுக்கு மிச்சம். இன்றைக்குப் புதன்கிழமை.

"எப்பம்மா போற?" என்று அவள் வாய் கேட்டது.

கேட்டது தான்தானா என்று அவளே திகைத்துப்போனாள். லைலி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாளைக்குன்னு எழுதிக்க," என்றாள் அம்மா.

ருஷ்னா பேனாவை வாங்கி, கோட்டுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பார்த்தபோது, அம்மா அவளைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தட்டிலிருந்து சாவியை எடுத்து, அதில் சிந்தியிருந்த டீயைச் சேலை முந்தானையால் பல்லு பல்லாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.