பிளாஸ்திரி ஒட்டிய திருகு

1.

மனித குலம் காலத்தை வென்று நிற்பது இசையால் மட்டுமே. அந்த இசையைக் கால வெள்ளத்திலிருந்து மீட்டுத் தருபவர் இசை வரலாற்றுப் பேராசிரியர். ஆகவே, அவரைத் தேர்ந்தெடுக்கும் நாள் ஒரு பல்கலைக்கழகத்தின் வாழ்வில் புனிதமான நாள்.

அந்தப் புனித நாளின் முதல் அரை மணி நேரம் தேர்வுக் குழு ஏசி ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தது.

இது என் சொந்தக் கதை அல்ல. குழுவில் இருந்த ஒரு நண்பர் சொன்னது. நான் எழுதிப் பார்க்கிறேன், அவ்வளவுதான். (மேலே உள்ள முதல் வாக்கியத்தை நான்கு முறை அடித்தேன். போக மாட்டேன் என்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.)

2.

கதாநாயகிக்கு ஒரு தொடக்கம் வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு பறவை தனியாக— வேண்டாம். அந்த வராந்தாவில் ஜன்னலே இல்லை.

அவள் கண்களில் பதினொரு வருடக் காத்திருப்பு— இதுவும் வேண்டாம். அவள் கண்களில் இருந்தது தூக்கம்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். இசைத் துறையில் பதினொரு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். பழைய இசைத்தட்டுகளைத் துடைத்து, ஓட்டி, கணினியில் ஏற்றுவதும் அவள் தலையில்தான். பையில் எப்போதும் ஒரு கிராமபோன் ஊசி டப்பா இருக்கும்; அதனால் மாணவர்கள் வைத்த பெயர் ஊசி மேடம். நிரந்தரப் பேராசிரியர் வந்ததும் தற்காலிக இடத்தை எடுத்துவிடுவார்கள். இன்னும் நான்கு மாதத்தில் அவளுக்கு வயது வரம்பும் தாண்டிவிடும். இன்றைய நேர்காணலில் கோட்டைவிட்டால் அதோடு சரி.

வராந்தாவில் அக்காவின் போன்.

"உள்ள போயிட்டியா?"

"இல்லக்கா. ரிமோட் தேடுறாங்க."

"இங்க பாரு, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. போன தடவை மாதிரி யாரையும் திருத்திட்டு வராதே."

"அவர் வருஷத்தைத் தப்பா சொன்னாருக்கா."

"சொல்லிட்டுப் போறாரு. உனக்கென்ன வந்துச்சு? அவர் என்ன உன் மாமனாரா?"

3.

உள்ளே மூன்று பேர்.

துணைவேந்தர் மண்ணியல் படித்தவர். பாட்டு கேட்டால் கண்ணை மூட வேண்டும் என்பது வரை இசை தெரியும்.

நிபுணர் வெளியூரிலிருந்து வரவழைக்கப்பட்டவர். 'கம்பீர யுகம்' என்று முந்நூற்று நாற்பது பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் மனிதர்களுக்கு அவசரமே கிடையாது, கிணற்றுக்குள்ளிருந்து எழுவதுபோன்ற கனத்த குரலில் யானை நடையில் பாடினார்கள், நாம்தான் ஓடி ஓடிக் கெட்டோம் என்பது புத்தகத்தின் சாரம். ஆதாரம், பெயர் தெரியாத ஒரு பெரியவரின் இசைத்தட்டுகள்.

மூன்றாமவர் 'கலை அன்பர்' என்ற ஒதுக்கீட்டில் வந்தவர். இவரை வெட்டிவிடலாமா என்று யோசிக்கிறேன். கிரீம் பிஸ்கட் தின்பதைத் தவிர இவருக்குக் கதையில் வேலை இல்லை.

(ஒரு பக்கக் குறிப்பு: 'கம்பீர யுகம்' பற்றி ஒரு பத்திரிகையில் வானளாவப் புகழ்ந்து எழுதியவர் இவர்தான். படித்தது பின்னட்டை மட்டும்.)

4.

நிபுணர் தன் சொந்த மெஷினையே பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அதன்மேல் போர்த்தியிருந்த சால்வையை விலக்கித் தட்டை வைத்தார். கனத்த குரல் மெல்ல எழுந்தது. துணைவேந்தர் கண்ணை மூடினார். கலை அன்பர் பிஸ்கட்டை மெல்லுவதை நிறுத்தினார்.

"சொல்லுங்கம்மா. இந்தப் பெரியவர் குரல்ல உங்களுக்கு என்ன தெரியுது?"

அவளுக்குத் தெரிந்தது, மெஷினின் வேகத் திருகு. யாரும் தொட்டுக் கெடுத்துவிடக் கூடாது என்று அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பழைய அரக்குத் தட்டு அது; நிமிடத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று ஓட வேண்டும். லேபிளின் ஓரத்தில் ஒரு கிழிசல் இருந்தது. அந்தக் கிழிசல் வந்து வந்து போவதைக் கைக்கடிகாரம் பார்த்து எண்ணினாள்.

அக்கா சொன்னதும் காதில் ஓடிக்கொண்டிருந்தது. அது சரியான வேகத்தில்தான் ஓடியது.

5.

இங்கே எனக்கு இரண்டு வழி.

அ. "நிதானம் தெரியுதுங்க ஐயா" என்கிறாள். வேலை கிடைக்கிறது. ஓய்வு பெறும் வரை 'கம்பீர யுக'த்தையே பாடம் நடத்துகிறாள். நம்பும்படியான முடிவு. எழுதத்தான் கை வரவில்லை.

ஆ. உண்மையைச் சொல்கிறாள். நிபுணர் கண்கலங்கி, "இருபது வருஷமா உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் தேடிட்டிருந்தேன்" என்கிறார். எழுதியதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நடந்தது இதுதான்.

"ஐயா, பெரியவர் இல்லீங்க."

"என்னது?"

"சின்னப் பொண்ணு. பதினேழு பதினெட்டு வயசு இருக்கும். மெஷின் மெதுவா ஓடுது. பதினஞ்சு செகண்டுக்குப் பதினோரு சுத்துதான் வருது. பத்தொம்பது தாண்டணும்."

நிபுணர் சிரித்தார். "அம்மா, நான் இருபது வருஷமா இதே மெஷின்லதான் கேக்குறேன்."

"அதாங்க ஐயா."

பிளாஸ்திரியை நகத்தால் உரித்து, திருகை நாற்பத்தைந்திலிருந்து எழுபத்தெட்டுக்கு நகர்த்தினாள். ஒரு பெண் துள்ளிக்கொண்டு பாடினாள். பாடி முடித்ததும் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்பதுபோல அப்படி ஒரு வேகம்.

துணைவேந்தர் கண்ணைத் திறந்தார். "இது யாரு, நல்லா பாடுதே. வேற தட்டா?"

"அதே தட்டுதான் சார்."

நிபுணர் உரித்த பிளாஸ்திரியை விரலில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். முந்நூற்று நாற்பது பக்கமும் அந்த உருண்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. (இந்த உவமை கொஞ்சம் அதிகம். அவள் அப்படி நினைக்கவில்லை. 'போச்சு, திருத்திட்டேன்' என்றுதான் நினைத்தாள்.)

"வேற கேள்வி இருக்குங்களா?" என்று கேட்டாள். யாருக்கும் இல்லை.

6.

அவள் வராந்தாவுக்குப் போன பிறகு ஆளுக்கொரு தாள். தாளில் இரண்டு கட்டம்: தகுதி உண்டு, தகுதி இல்லை. துணைவேந்தர் 'உண்டு' போட்டார். அந்தப் பெண்ணின் பாட்டு அவருக்குப் பிடித்துப்போயிற்று. நிபுணர் 'இல்லை' போட்டு, காரணத்தையும் எழுதினார்: 'நிதானம் போதாது.'

மிச்சம் மூன்றாவது தாள். கலை அன்பரை வெட்டாமல் வைத்திருந்தது இதற்காகத்தான். அந்தத் தாளை, வாசகரே, உங்களிடமே தந்துவிடுகிறேன். உங்களுக்கு நல்ல மனசு, 'உண்டு' என்றுதான் போடுவீர்கள். போடுங்கள். அவள் அக்காவுக்குப் போன் செய்து ஒரு நல்ல சேதி சொல்லட்டும்.

நண்பர் என்று யாரும் இல்லை. மூன்றாவது நாற்காலியில் இருந்தது நான். நிபுணரின் தாளை எட்டிப் பார்த்து, அதில் இருந்ததையே போட்டேன்.