திட்டாத மனைவி

ஆஸ்பத்திரியில் என் வேலைக்கு ஆன்மிக ஆலோசகர் என்று பெரிய பெயர். புற்றுநோய் வார்டில் எல்லாருக்கும் நான் ஆறுதலக்கா. ஆறுதல் சொல்லும் மூஞ்சியா இது? எனக்குக் கோபம் மூக்கு நுனியில்.

அன்று ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெயின்டர். வயிற்றில் தொடங்கியது ஈரல்வரை பரவி, டாக்டரும் கையை விரித்துவிட்டார். வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். சாமி கும்பிடுவீர்களா? நேரம் கிடைத்தால், என்றார். பயமாக இருக்கிறதா? இருந்து என்ன செய்ய, என்றார். மனசுக்கு என்ன வேண்டும் என்றதும் வாசலைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"என் பொண்டாட்டி என்னைத் திட்டணும்க்கா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து வாங்கிக் கட்டிக்கொண்ட மனுஷனாம். மெத்தையில் ஈரத் துண்டு, கதவுப் பிடியில் பெயின்ட் கறை, எதற்கும் விடமாட்டாளாம். டாக்டர் சொன்னதிலிருந்து எல்லாம் நின்றுபோயிற்று. சாப்பாட்டைக் கொட்டினாலும் பரவாயில்லைங்க என்கிறாளாம்.

"செத்தவனைத்தான்க்கா யாரும் திட்ட மாட்டாங்க. நான் இன்னும் இருக்கேன்ல?"

வராந்தாவில் ஃபிளாஸ்க் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவியிடம் போய்ச் சொன்னேன். என் மேல் பாய்ந்தாள். சாகக் கிடக்கிறவரைத் திட்டச் சொல்கிறாயே, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று வாய்க்கு வந்தபடி பேசினாள். நானா விடுவேன்?

"இதுல பாதியை அங்க வந்து பேசும்மா."

ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னோடு உள்ளே வந்தாள்.

போர்வையை ஏன் கீழே தள்ளினீர்கள் என்று ஆரம்பித்தாள். குரல் எழும்பவில்லை. மாத்திரையை ஏன் அப்படியே வைத்திருக்கிறீர்கள் என்றாள். அதுவும் கெஞ்சலாகத்தான் வந்தது. பெயின்டர் ஆசையாகப் பார்த்தார். அவ்வளவுதானா, வாய் வலிக்கிறதா என்று சீண்டினார்.

அவள் கட்டில் கம்பியைப் பிடித்து உலுக்கினாள்.

"வயிறு வலிக்குதுன்னு ஏன் மனுஷா வாயத் திறந்து சொல்லல? மாசக்கணக்கா மறைச்சியே, கூட ஒருத்தி இருக்கேங்கிற நினைப்பே இல்லையா உனக்கு? இப்ப என்னை யார்கிட்ட விட்டுட்டுப் போற?"

வார்டே திரும்பிப் பார்த்தது. ஓடிவந்த நர்ஸை நான் கைகாட்டி நிறுத்தினேன். இதையா அவர் கேட்டார்? பாவி, நான்தானே இழுத்து வந்தேன்.

பெயின்டரின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"தப்புதான்மா. இன்னும் திட்டு."

அவளால் முடியவில்லை. அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, போகாதே, போகாதே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.