மிச்ச ஹாமும் அண்ணன் நாக்கும்

என் அண்ணி எதையும் யாரிடமும் நீட்டி மோந்து பார்க்கச் சொன்னவள் இல்லை. பால் திரியப் போகிறது என்றால் அதற்கு முன்பே அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். ஃப்ரிட்ஜைத் திறந்து, நின்ற இடத்திலிருந்தே எது இருக்கலாம், எது குப்பைக்குப் போகவேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மிச்ச ஹாமைத் தட்டோடு என் முகத்துக்கு நேரே நீட்டி, "இது நல்லா இருக்கான்னு கொஞ்சம் மோந்து பாரேன்" என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஹாம் என் உபயம்தான். முந்தின நாள் எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் மூத்த ஊழியர் ஒருவருக்கு வழியனுப்பு விருந்து. உப்பில் ஊறவைத்துச் சுட்ட முழுப் பன்றித்தொடை, பாதிக்கு மேல் மிஞ்சிப்போனது. எல்லாரும் கௌரவம் பார்த்து நகர்ந்தார்கள். எனக்கு அந்தக் கௌரவமெல்லாம் கிடையாது. நன்றாகப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து, கீழே அண்ணன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, மாடியில் என் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டேன். அண்ணனுக்குத் தொழில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர். ஊர் ஃப்ரிட்ஜையெல்லாம் சரிசெய்கிறவன் வீட்டு ஃப்ரிட்ஜின் கதவு மட்டும் ஒரு ரப்பர் பேண்டின் தயவில் மூடிக்கொண்டிருக்கிறது.

"நல்லாத்தான் இருக்கு அண்ணி. ஏன், உங்களுக்குச் சளியா?"

அண்ணி தட்டை மேடைமேல் வைத்தாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அண்ணன் இப்போதைக்கு வெளியே வரமாட்டான் என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"காய்ச்சல் போயிடுச்சு, சளி போயிடுச்சு. மூக்கு மட்டும் திரும்பி வரல."

"ஒண்ணுமே தெரியலையா?"

"சோப்புக்கும் வெங்காயத்துக்கும் வித்தியாசம் தெரியல. நாக்குல உப்பு தெரியுது, இனிப்பு தெரியுது, புளிப்பு தெரியுது. அதோட சரி."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"வரலாம், வராமலும் போகலாம்னார். அதச் சொல்ல அவர் எதுக்கு? நானே சொல்லிடுவேனே."

அவள் சிரிக்கத்தான் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணிக்கு வேலை பேருந்துப் பணிமனை கேன்டீனில். விடிவதற்குள் வண்டி எடுக்கிற ஓட்டுநர்களுக்கு நாளின் முதல் சாப்பாடு அவள் கையால்தான். அவள் விடுப்பில் இருந்த நாளெல்லாம் ஓட்டுநர்கள் வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு வண்டி ஏறுகிறார்களாம். நேற்று சூப்பர்வைசர் போன் செய்து, நாளை வருகிறாளா இல்லையா என்று இன்று மதியத்துக்குள் சொல்லச் சொல்லிவிட்டார். இல்லையென்றால் அடுப்பை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். உடம்பு அசதி என்றுதான் அண்ணி எங்களுக்குச் சொல்லிவைத்திருந்தாள். அசதி இல்லை, பயம் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"அண்ணாவ ருசி பாக்கச் சொல்றதுதானே?"

"உங்க அண்ணனா?" அண்ணி கத்தியை எடுத்து ஹாமைச் சதுரமாக நறுக்க ஆரம்பித்தாள். "போன வாரம் வேணும்னே உப்பே போடாம முட்டை பொரிச்சு வெச்சேன். நல்லா இருக்குன்னார். மறுநாள் ரெண்டு பங்கு உப்பு போட்டேன். அதுவும் நல்லா இருக்காம். ஒரு ஜாடித் தண்ணியக் குடிச்சிட்டு வேலைக்குப் போனார்."

இதில் அண்ணனை எனக்குத் தெரிந்த அளவுக்கு அண்ணிக்குத் தெரியாது. எங்கள் அப்பா ஒரு வாய் எடுத்துவைப்பார், முகத்தைச் சுளிப்பார், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவார். அம்மா கரண்டியும் கையுமாக நிற்பாள். அந்தத் தட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள் இருவர். அண்ணன், தன் வாயால் சாப்பாட்டில் ஒரு குறை வரக்கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டான். நான் நேர் எதிர். வாயில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவேன், ஆனால் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அதனால் அண்ணன் எனக்கு வைத்திருக்கிற பெயர் இன்ஸ்பெக்டர்.

"இன்னிக்கு நீ சொல்லு" என்றாள் அண்ணி. "எனக்குத் தெரியற உப்பையும் இனிப்பையும் வெச்சே ஒண்ணு பண்ணப் போறேன். வாசனைய நம்பாம சமைக்க முடியுமான்னு பாக்கணும். முடியலன்னா போன் பண்ணி வரலன்னு சொல்லிடுறேன்."

பாஸ்தா கொதித்துக்கொண்டிருந்தது. ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, நடுவில் இன்னும் விறைப்பு இருக்கும்போதே வடித்தாள். ஆப்பிளைத் தோலோடு சின்னத் துண்டுகளாக நறுக்கினாள். முட்டையைப் பாலோடு அடித்து வைத்தாள். வாணலியில் வெண்ணெயைப் போட்டதும் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"இப்ப சடசடங்குதா? அது அடங்கினதும் வெங்காயம் போடணும். மூக்கு போனா என்ன, காது இருக்குல்ல?"

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணன் துண்டைத் தோளில் போட்டபடி வந்து, ஞாயிற்றுக்கிழமைதானே என்று ரேடியோவை அலறவிட்டான். வெண்ணெயின் சத்தம் எப்போது அடங்கியது என்று அந்தக் கச்சேரியில் யாருக்கும் கேட்கவில்லை. அண்ணி இன்னும் காதைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தாள். வெண்ணெய் கருகி எனக்கு மூக்கைத் துளைத்தது. அண்ணனுக்கும்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் அண்ணியின் முதுகுக்குப் பின்னால் நின்று உதட்டில் விரலை வைத்து, கண்ணாலேயே கெஞ்சினான். இவனுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது என்று அந்தக் கண்ணில் தெரிந்தது. நானும் என் ஜென்மத்தில் இல்லாத வழக்கமாக வாயை மூடிக்கொண்டேன்.

சத்தம் அடங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்து அண்ணி வெங்காயத்தைக் கொட்டினாள். ஹாமைப் போட்டாள், ஆப்பிளைப் போட்டாள், தேனை ஊற்றி நாக்கில் வைத்துப் பார்த்தாள், மறுபடியும் ஊற்றினாள். பாஸ்தாவைச் சேர்த்து, அடுப்பை அணைத்துவிட்டு முட்டையை ஊற்றிக் கிளறினாள். பார்க்க என்னவோ பளபளவென்றுதான் இருந்தது.

அண்ணன் ஒரு வாய் போட்டான். "நல்லா இருக்கு" என்றான்.

நான் ஒரு வாய் போட்டேன். அடியில் கருகல் கசப்பு, மேலே தேன் திகட்டல், நடுவில் பாவம் அந்த ஹாம். மென்று முழுங்கிவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்ஸ்பெக்டரே வாயைத் திறக்கல. அப்ப விஷயம் அவ்வளவு மோசம்" என்றாள். கோபமே இல்லை. ரேடியோவை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "வெண்ணெய் கருகிடுச்சு அண்ணி. தேனும் ரொம்ப அதிகம்."

"உன்கிட்ட யாரு கேட்டா?" அண்ணன் சீறினான். "அவளே நொந்து போயிருக்கா, நீ வேற!"

"அவங்கதான் கேட்டாங்க. உன்கிட்டயும்தான் தினமும் கேக்கறாங்க. நீ கிளிப்பிள்ளை மாதிரி நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னா அவங்க யாரத்தான் நம்பறது?"

"நான் என்ன, அப்பா மாதிரி தட்டத் தள்ளணுமா?"

அப்பாவைப் பற்றி அவன் பேசி நான் கேட்டு எவ்வளவோ நாளாகிறது. அண்ணி போனைக் கையில் வைத்தபடியே நின்றாள்.

"தள்ளச் சொல்லலீங்க" என்றாள் மெதுவாக. "சாப்ட்டுட்டே சொல்லலாம்ல?"

அவன் தட்டில் இருந்ததைக் கரண்டியால் ஒதுக்கினான். அவனால் முடியாது என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷப் பழக்கம் ஒரு காலையில் விட்டுப் போகுமா? ஆனால் இப்படிப்பட்டவர்களை நான் கடையில் தினமும் பார்க்கிறேன். கண் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்ததும் சிலருக்கு என்னைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று தோன்றிவிடும். தெரிகிறதா என்று கேட்டால், ஒன்றும் தெரியாவிட்டாலும் நன்றாகத் தெரிகிறது என்பார்கள். அதனால் நாங்கள் தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பதில்லை. ஒரு வில்லையைப் போட்டு, அதை எடுத்து இன்னொன்றைப் போட்டு, முதலாவதா, இரண்டாவதா என்று மட்டும் கேட்போம்.

"அண்ணி, போன கீழ வைங்க. ஹாம் பாதி மிச்சம் இருக்கு. ரெண்டு சின்ன வாணலியில பண்ணலாம். தேன் மட்டும் ஒண்ணுல நிறைய, ஒண்ணுல கம்மி. மத்ததெல்லாம் ஒண்ணுபோல. அண்ணா, நீ இங்க அடுப்புப் பக்கத்துல வந்து நில்லு. ரேடியோ பக்கம் போனே, கைய ஒடச்சிடுவேன்."

அண்ணி ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு போனை வைத்துவிட்டு ஹாமை எடுத்தாள்.

இந்தத் தடவை வெண்ணெய் சத்தம் அடங்கியது மூன்று பேருக்கும் கேட்டது. ஹாமின் ஓரம் சிவந்ததும் அவளே கண்ணால் பார்த்து ஆப்பிளைப் போட்டாள். தேனை ஒன்றில் தாராளமாகவும் மற்றதில் ஒரு கரண்டியும் விட்டாள். மிளகை இடித்து இரண்டிலும் தூவினாள். அண்ணன் பரீட்சைக்கு வந்தவன்போல் வேர்த்துக்கொண்டு நின்றான். நான் அவனை உட்காரவைத்து, இரண்டு தட்டையும் முன்னால் வைத்து, கடைக்குரலில் கேட்டேன்.

"முதலாவதா, ரெண்டாவதா?"

"ரெண்டுமே நல்லா..."

"அந்தப் பதில் இங்க செல்லாது. முதலாவதா, ரெண்டாவதா?"

மறுபடியும் முதல் தட்டில் ஒரு வாய், இரண்டாவது தட்டில் ஒரு வாய்.

"ரெண்டாவது."

"ஏங்க?" என்றாள் அண்ணி.

அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டு, கூரையே தலையில் விழப்போகிறது என்பதுபோலத் தோளைக் குறுக்கிக்கொண்டு சொன்னான். "முதல்ல இருக்கறதுல... இனிப்பு தூக்கலா இருக்கு."

கூரை விழவில்லை. அண்ணி கைப்பிடித் துணியை மடித்துக்கொண்டே, ஓட்டுநர்களிடம் கேட்கிற அதே குரலில் கேட்டாள். "எவ்வளவு தூக்கல்? கொஞ்சமா, ரொம்பவா?"

"ரொம்ப."

"ரெண்டாவதுல?"

"அதுல இனிப்பு சரி. ஆனா மிளகு பத்தல. ஆப்பிள் இன்னும் கொஞ்சம் வதங்கியிருக்கலாம்." நிறுத்தினான். தன் வாயிலிருந்துதான் இதெல்லாம் வருகிறதா என்று அவனுக்கே ஆச்சரியம். "வெங்காயம் மட்டும் நல்ல பதம்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டான்.

அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, "வெச்சுக்கிட்டே வஞ்சகம் பண்ணியிருக்கீங்க. இவ்வளவு நல்ல நாக்கு!" என்றாள்.

எஞ்சியிருந்த ஹாமை எடுத்தாள். இந்தத் தடவை அண்ணனை யாரும் கூப்பிடவில்லை. தானே போய் அவள் தோளை ஒட்டி நின்றான். வெண்ணெய் உருகியது. அண்ணி தலையைச் சாய்த்தாள். அவன் மூக்கை நீட்டினான்.

"இப்ப" என்றான். அவள் வெங்காயத்தைப் போட்டாள்.

நான் மேஜையில் உட்கார்ந்து, தேன் கூடின முதல் தட்டைக் காலி செய்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் தட்டைத் தள்ளும் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார், அதனால் எனக்கு எந்தத் தட்டானாலும் சம்மதம்.

ஆப்பிள் வதங்குகிற நேரத்தில் அண்ணி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சூப்பர்வைசரிடம் பேசினாள். "நாளைக்கு வரேன் சார். ஆனா ஒண்ணு. எனக்கு இப்ப வாசனை தெரியாது. காய் நறுக்கற அக்கா இருக்காங்கல்ல, நான் எது பண்ணாலும் அது சொத்தை இது சொட்டைம்பாங்களே, அவங்கள என் அடுப்புப் பக்கத்துல நிறுத்துங்க. ஆமா சார், அவங்களேதான். சண்டையெல்லாம் போடமாட்டேன்."

முட்டையை ஊற்றிக் கிளறி, இறக்கி, மிளகைத் தூவி, ஒரே ஒரு தட்டில் போட்டு அண்ணன் முன்னால் வைத்தாள். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் வேறு தட்டு இல்லை.

"எப்படிங்க இருக்கு?"

அண்ணன் ஒரு வாய் எடுத்தான். நிதானமாக மென்றான். இன்னொரு வாய் எடுத்தான். கரண்டியால் ஓர் ஆப்பிள் துண்டை நசுக்கிப் பார்த்தான். அண்ணி நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"நல்லா இருக்கு" என்றான்.

அண்ணி அவன் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்ப எனக்கும் ஒரு தட்டு வைங்க" என்றாள். "பசிக்குது."