ஒரே மழைக்கு மூன்று விடை

ஆய்வு நிறுவனத்தில் அவரைக் கமா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கமா இடம் மாறி விழுந்ததற்காக ஒரு திட்டத்தையே இரண்டு நாள் நிறுத்திவைத்தவர். விஞ்ஞானிகளின் சூத்திரங்களைக் கணினிக்குப் புரியும்படி எழுதிக்கொடுக்கும் புரோகிராமர். கட்டுரை அச்சில் வரும்போது அவர் பெயர் கடைசியில், நன்றி சொல்லும் பத்தியில் இருக்கும். சில சமயம் அங்கேயும் இருக்காது.

அந்த மாதம் புதுக் கணினி வந்தது. பழையதில் ஓடிக்கொண்டிருந்த வெள்ளக் கணக்கை இதற்கு மாற்ற வேண்டும். ஆற்றின் மேற்பகுதியில் நாற்பது மழைமானிகள் இருக்கின்றன. அவற்றின் பதிவுகளைக் கொடுத்தால், கீழே உள்ள ஊரின் கடைத்தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கும் என்று அந்தப் புரோகிராம் சொல்லும். பழைய கணினி இரண்டு மீட்டர் ஏழு சென்டிமீட்டர் என்றது. புதியது இரண்டு மீட்டர் முப்பத்தொன்று என்றது. அதே புரோகிராம், அதே பதிவுகள், அதே மழை.

குழுத் தலைவியான மேடத்திடம் போய்ச் சொன்னார். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பழையதுதான் ஒன்பது வருஷமா ஓடுது. அதையே வச்சுக்கலாமே."

"ரெண்டுல ஒண்ணு தப்பு மேடம். எதுன்னு தெரியாம எப்படி வச்சுக்கறது?"

"புதுசு தப்பா இருக்கும். அடுத்த வாரம் வியாழக்கிழமை வெள்ளச்சுவர் கூட்டம் இருக்கு, மறந்துடாதீங்க."

கரையோரம் கட்டப்போகும் சுவரின் உயரத்தை அந்தக் கூட்டத்தில் முடிவு செய்வார்கள். கையில் ஒன்பது நாள் இருந்தது.

முதலில் புதுக் கணினியைச் சந்தேகப்பட்டார். கணினிப் பிரிவில் புகார் எழுதினார். 'அணைத்துவிட்டு மறுபடி போடவும்' என்று பதில் வந்தது. ஒவ்வொரு ஓட்டமும் நாலு மணி நேரம். காலையில் ஓட விட்டால் மத்தியானம் தெரியும், தப்பு இன்னும் அங்கேயே இருக்கிறது என்று. சாப்பிட்டுவிட்டு வந்து இன்னொன்றை மாற்றி ஓட விடுவார். மாலையில் அதே இரண்டு மீட்டர் முப்பத்தொன்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

புரோகிராமுக்குள் இறங்கிப் பார்த்தால் தலை சுற்றியது. எத்தனையோ பேர் வந்து கை வைத்துவிட்டுப் போன இடம் அது. ஒரு மாறிக்கு 'தற்காலிகம்' என்று பெயர். அதற்குப் பதினொரு வயது. ஓரிடத்தில் யாரோ 'இதைத் தொடாதே' என்று எழுதியிருந்தார்கள். ஏன் என்று எழுதவில்லை.

"எவன் எழுதினான் இதை?" என்று அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பக்கத்து மேஜைக்காரர் காதில் பாட்டை மாட்டிக்கொண்டார்.

வீட்டுக்குப் போனால் மாமியார் போனும் கையுமாகக் காத்திருப்பார்.

"மாப்பிள்ளை, ஒரு படத்தை அழிச்சா இது நாலா திருப்பித் தருது. கொஞ்சம் பாருங்க."

அரை மணி நேரம் பார்த்தார். படம் ஐந்தானது.

"கம்ப்யூட்டர்லதானே வேலை பாக்கறீங்க?" என்று மாமியார் உண்மையான கவலையோடு கேட்டார்.

ஏழாம் நாள் பிடிபட்டது. மழைமானிகளின் கோப்புகளைப் புரோகிராம் ஒவ்வொன்றாகத் திறந்து படிக்கிறது. பழைய கணினி அகரவரிசையில் கொடுத்தது. புதியது தன் இஷ்டத்துக்குக் கொடுத்தது. வரிசை மாறினால் என்ன, கூட்டினால் ஒன்றுதானே? ஆனால் மலை உச்சியில் இருந்த ஒரு மழைமானி ஐந்து நாள் பழுதாகிக் கிடந்திருக்கிறது. அந்த நாட்களுக்கு எண் இல்லை. எண் இல்லாதபோது, முன்னால் படித்த மழைமானியின் எண்ணைப் புரோகிராம் அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டது. பழைய கணினியில் அதற்கு முன்னால் வந்தது சமவெளியில் தூறலை மட்டும் பார்த்த மழைமானி. புதியதில் வந்தது அடிவாரத்து மழைமானி. உச்சியில் கொட்டிய மழை இரண்டிலும் இல்லை.

உச்சிக்குப் பக்கத்தில் இருந்த மூன்று மழைமானிகளை வைத்து அந்த ஐந்து நாளை நிரப்பி ஓட்டினார். இரண்டு மீட்டர் நாற்பத்தாறு.

அந்த வரிகளை எழுதியவன் யார் என்று பார்க்க மாற்றங்களின் பதிவேட்டைத் திறந்தார். நன்றாக நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்றிருந்தது. தேதி ஒன்பது வருஷத்துக்கு முந்தையது, மகள் பிறந்த மாதம். எதிரே அவருடைய பெயரே இருந்தது.

ஒரு வாரமாகத் திட்டியதெல்லாம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று நினைத்தபோது சிரிப்புகூட வரவில்லை.

மேடம் முழுவதையும் கேட்டார். பிறகு பேனாவை மூடி வைத்தார்.

"இப்ப மாத்தினா இந்தக் கணக்கை வச்சு வந்த ரெண்டு கட்டுரையைத் திருத்தணும். கூட்டத்துல என் மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆகும். இந்தத் தடவை பழைய எண் போகட்டும். அடுத்த அறிக்கையில திருத்திக்கலாம்."

"அதுக்குள்ள சுவரைக் கட்டிடுவாங்க மேடம்."

"தப்பு உங்களுது, கமா. அதையும் நினைச்சுப் பாருங்க."

வீட்டில் மனைவி ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ். அவர் சொல்லி முடிக்கும்வரை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"மருந்து அளவு தப்பிடுச்சுன்னா நாங்க முதல்ல எழுதி வைப்போம். யார் திட்டுறாங்க, எவ்வளவு திட்டுறாங்கங்கறது அப்புறம்."

"என் பேரு போயிடும்."

"எந்தப் பேருங்க? நன்றி பத்தியில வர்றதா?"

அவருக்குச் சுருக்கென்றது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

மறுநாள் காலையில் இரண்டு பக்கக் குறிப்பு எழுதினார். எந்த வரி, என்ன தப்பு, எழுதியது யார், சரியான எண் என்ன என்று எல்லாம் அதில் இருந்தது. மேடத்தின் மேஜையில் வைத்தார்.

"கையெழுத்துப் போடறதும் போடாததும் உங்க இஷ்டம் மேடம். ஆனா பழைய எண்ணை வச்சுக் கூட்டத்துக்கு அட்டவணை போட்டுத் தர என்னால முடியாது."

மேடம் படித்தார். இரண்டாவது பக்கத்தை இரண்டு தடவை படித்தார். அவருடைய காது மடல் சிவந்திருந்தது. போனை எடுத்து, சுவர் கட்டும் பொறியாளரைக் கூப்பிட்டார்.

"எங்க கணக்குல ஒரு பிழை இருக்கு. ஆமா, எங்க பிழைதான். கூட்டத்தைத் தள்ளி வைங்க."

கூட்டம் ஒரு மாதம் தள்ளிப்போனது. இரண்டு கட்டுரைகளுக்கும் திருத்தம் போனது. மேடம் பத்து நாள் கமாவிடம் மின்னஞ்சலில் மட்டும் பேசினார், பக்கத்து அறையிலிருந்தே. அதில் முதல் மின்னஞ்சல், ஒன்பது வருஷத்தில் ஓட்டிய இருநூற்றுப் பதினாலு கணக்குகளையும் மறுபடி ஓட்டச் சொன்னது. அவற்றில் பாதி, இப்போது எங்கேயும் கிடைக்காத ஒரு பழைய மென்பொருளைக் கேட்டன. கமா மறுபடியும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அறுபத்து மூன்றாவது கணக்கு பாதியில் நின்ற அன்று பொறியாளர் நேராக அவரையே கூப்பிட்டார்.

"சார், இந்த ரெண்டு நாற்பத்தாறு, இதுதானே கடைசி? இன்னொரு தடவை மாத்த மாட்டீங்களே?"

"இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சவரைக்கும் இதுதான் சார்."

"அப்படிச் சொன்னா நான் ஃபைல்ல என்ன எழுதறது?"

"அதையே எழுதுங்க."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு பேனா காகிதத்தில் கீறும் சத்தம். மனுஷன் எழுதிக்கொண்டிருந்தார்.