பாஸானவளைப் பெயிலாக்க முடியாது

1

இந்தக் கதை ஒரு விளம்பரமாகப் பிறந்திருக்க வேண்டியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கல்முனையில் பெண்களுக்கு ஸ்கூட்டர் பழக்கும் லேனஸ்* ஒன்றை நடத்துகிற ஜெஸீம் எனக்கு ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தார். "டீச்சர், நீங்க எழுதுற ஆள். நம்மட லேனஸப் பத்தி பேஸ்புக்கில போட நாலு வரி எழுதித் தாங்க. நீங்களும் நம்மட்டப் படிச்சிப் பாஸான ஆள்தானே. றொசானிட விஷயத்துக்குப் பொறகு ஆக்கள் ஒரு மாதிரிக் கதைக்கிறாங்க."

எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

"எங்கள் ஊர்ப் பெண்களின் பயத்தைப் போக்கியவர் ஜெஸீம்."

[அழித்தேன். பயத்தைப் போக்கினார், உண்மைதான். பயம் கொஞ்சம் மிஞ்சியிருந்தால் நல்லதாகப் போயிருக்கும்.]

இரண்டாவது வரி:

"அவரிடம் படித்த எவரும் எட்டுப் போடத் தவறியதில்லை, ஆனால் நிறுத்துவதற்கு"

[இதை முடிக்கவில்லை. முடிக்கப் போனபோது கோபத்தில் எழுத்தெல்லாம் பிழைபிழையாக விழுந்தது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நாலு வரியையும் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக வந்ததுதான் இது.]

* பலகையில் 'சாரதிப் பயிற்சிப் பாடசாலை' என்று எழுதியிருக்கும். யாரும் அப்படிச் சொல்வதில்லை. அதன் பெயரை இங்கே எழுதிவிட்டுப் பிறகு நீக்கினேன். பெயரைப் போட்டால் வாசிப்பவர்கள் அந்த ஒன்றை மட்டும் திட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடுவார்கள்.

2

றொசானியை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று தெரியாமல் தடுமாறினேன். ஆஸ்பத்திரி வாசலில் அழுதபடி நிற்பவளாக ஒரு தொடக்கம் எழுதினேன். பொய். அவள் அங்கே அழவில்லை. சரி, நேராகவே சொல்கிறேன்.

றொசானி கல்முனைக் கத்தோலிக்கப் பிள்ளை. தனியார் இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. நடக்க முடியாத நோயாளிகளின் வீடுகளுக்குப் போய் இரத்தம் எடுத்து, குழாய்களைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். ஸ்கூட்டர் லைசன் இல்லாவிட்டால் அந்த வேலை இல்லை. அதனால்தான் லேனஸுக்கு வந்தாள். நான் பாடசாலைக்கு இனியும் ஓட்டோவை நம்பிப் போக முடியாது என்று வந்தேன். இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம்.

மைதானத்தில் சுண்ணாம்பால் பெரிய எட்டு ஒன்று கீறியிருந்தது. கால் நிலத்தில் படாமல், கோட்டைத் தாண்டாமல் அந்த எட்டைச் சுற்ற வேண்டும். ட்ரயலில், அதாவது லைசனுக்கான ஓட்டுப் பரிசோதனையில், பார்ப்பது அதைத்தான். ஜெஸீம் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சமாக முறுக்கியபடியே வைத்திரு. அதே நேரம் பிரேக்கையும் மெல்லப் பிடித்திரு. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்க, ஸ்கூட்டர் விழாமல் ஊரும்.

"ஆக்ஸிலேட்டர மட்டும் உட்டுராதீங்க தங்கச்சி. உட்டா விழுவீங்க," என்பார். நூறு தரம் சொல்லியிருப்பார். நல்ல பொறுமை.

ஒருநாள் றொசானி கேட்டாள்: "சேர், றோட்டில சடுதியா ஆள் குறுக்க வந்தா என்னெண்டு நிப்பாட்டுற?"

"அது ட்ரயலுக்கு வராது. இப்ப எட்டப் பாருங்க. பாஸானாப் பொறகு ஓட ஓட எல்லாம் வரும்."

இருவரும் பாஸானோம். றொசானி எட்டுப் போட்டதைப் பரிசோதகர் தலையாட்டிப் பாராட்டினார்.

3

லைசன் கிடைத்துச் சில கிழமைகளில், மருதமுனைப் பக்கம் இரத்தம் எடுத்துவிட்டுப் பிரதான வீதியால் வந்துகொண்டிருந்தாள். ஒழுங்கை ஒன்றிலிருந்து அச்சிமுகம்மது என்ற முதியவர் துவிச்சக்கர வண்டியில் ஏறி வந்தார். அஸர் தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்தார். இடையில் போதிய தூரம் இருந்தது. கண்டவர்கள் எல்லாரும் அதைச் சொல்கிறார்கள்.

றொசானி பிரேக்கைப் பிடித்தாள். ஆக்ஸிலேட்டரை விடவில்லை. விடக் கூடாது என்றுதான் அவளுடைய கைக்குத் தெரியும். பதற்றத்தில் கை இறுகியது. இறுகிய கை இன்னும் முறுக்கியது.

(இந்த இடத்தை வாசிப்பவர் அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. அவள் படித்ததை மறக்கவில்லை. படித்ததைத்தான் செய்தாள்.)

கிழவர் தூக்கி எறியப்பட்டார். குளிர்ப்பெட்டி திறந்து குழாய்கள் வீதியெங்கும் உடைந்தன. ஓடிவந்தவர்கள் அத்தனை இரத்தத்தையும் பார்த்துவிட்டு அவர் மவுத்தாகிவிட்டார் என்றே நினைத்தார்கள். அது அவருடைய இரத்தமில்லை, நோயாளிகளுடையது என்று றொசானி விளக்க முயன்றாள். யாருக்கும் விளங்கவில்லை. அவருடைய இடுப்பெலும்பு உடைந்திருந்தது. வெளியே ஒரு துளியும் வரவில்லை.

4

அடுத்து நடந்ததை எழுதத்தான் எனக்குப் பொறுமை போதவில்லை. ஏனென்றால் எல்லாரும் நல்லவர்களாக நடந்துகொண்டார்கள்.

ஜெஸீமைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவர் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார், கிழவரைத் தள்ளுவண்டியில் ஏற்றக் கைகொடுத்தார். பொலிசில் இரு தரப்பும் சமாதானம் என்று எழுதி முடித்தார்கள். கிழவரின் மகன் றாஸிக் ஒரு குறையும் சொல்லவில்லை. ஓங்கி அறைய ஒரு கன்னம் தேடுகிறேன், எல்லாக் கன்னமும் சிரித்துக்கொண்டிருக்கிறது. இப்படியொரு கதையை எப்படி எழுதுவது?

கிழவர் வீட்டுக்கு வந்த பிறகு, றொசானி பார்க்கப் போக வேண்டும் என்றாள். தனியே போகத் துணிவில்லை. நானும் போனேன்.

றாஸிக் கதிரை போட்டார், தேத்தண்ணி வந்தது. "வாப்பா மன்னிச்சிட்டாங்க தங்கச்சி. அல்லாஹ்ட நாட்டம். நீங்க மனசப் போட்டு வருத்தாதீங்க," என்றார்.

கட்டிலில் படுத்திருந்தவர் முகட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "யாரு மன்னிச்ச?"

"வாப்பா, வந்த ஆக்களுக்கு முன்னால..."

"நான் ஒண்டும் மன்னிக்கல்ல. எங்கிட்ட ஒருத்தரும் கேக்கவுமில்ல. நீங்களாப் போய்க் கையெழுத்து வெச்சிட்டு வந்தீங்க." பிறகு முகத்தைத் திருப்பி றொசானியைப் பார்த்தார். "அல்லாஹ்ட நாட்டம் அவனுக்குத் தெரியும். நீ ஏன் நிப்பாட்டல்ல? அதச் சொல்லு."

"எனக்கு நிப்பாட்டத் தெரியாது, ஐயா."

"லைசன் இல்லையா?"

"இருக்கு."

"நிப்பாட்டத் தெரியாத ஆளுக்கு யாரு புள்ள லைசன் தந்த?"

றாஸிக் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வெளியே வந்ததும் றொசானி சொன்னாள்: "டீச்சர், கடைசியா ஒரு ஆளாவது கேட்டாரு." விபத்துக்குப் பிறகு அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை. மன்னிப்புக் கிடைக்காத ஒரு மனிசி இவ்வளவு ஆறுதலாக நடந்து போவாளா என்று நீங்கள் கேட்கலாம். நடந்தாள். நான் கூடவே போனேன்.

5

அவள் லைசனைத் திருப்பிக் கொடுக்க முடிவெடுத்தாள். உரிய அலுவலகத்துக்கு இருவரும் போனோம்.

கவுண்டரில் இருந்தவருக்கு முதலில் விளங்கவில்லை. "துலைஞ்சி போச்சா?"

"இல்ல. இந்தா இருக்கு."

"பேர் பிழையா?"

"பேர் சரி. பாஸ் போட்டதுதான் பிழை. என்னப் பெயிலாக்குங்க."

அவர் பின்னால் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அவரும் சிரித்தார். "பெயிலானவங்க பாஸாக்கச் சொல்லி வருவாங்க. நீங்க வேற மாதிரி வாறீங்க. பாஸானவளப் பெயிலாக்க வழியில்ல தங்கச்சி."

மேலதிகாரியிடம் அனுப்பினார்கள். அவர் கண்ணியமாகத்தான் கதைத்தார். "ஓட விருப்பமில்லாட்டி ஓடாம இருங்க. யாரும் வற்புறுத்துறாங்களா?"

"அந்த ஐயா இனிக் குனிஞ்சி தொழ ஏலா, சேர். கதிரையில இருந்துதான் தொழுவாராம். பொலிசில சமாதானம் எண்டு எழுதிட்டாங்க. வீட்டில அல்லாஹ்ட நாட்டம் எண்டுட்டாங்க. எங்கட பாதரும் மனச ஆத்திக்கொள்ளச் சொல்றார். எனக்கு நிப்பாட்டப் பழக்கல்ல, ஆனா ஓடலாம் எண்டு நீங்க சொன்னீங்க. அது பிழையெண்டு ஒரு இடத்திலயாவது எழுதி இருக்கோணும்."

"உங்களுக்கு மனநிலை சரியில்லாமப் போயிருக்கு. அது இயல்பு," என்றார் அவர். "கொஞ்ச நாள் ஓய்வெடுங்க."

[இங்கே அந்த அதிகாரியைப் பற்றி ஒரு பந்தி எழுதினேன். அச்சில் வரக்கூடிய வார்த்தைகள் அதில் ஒன்றுமில்லை. எடுத்துவிட்டேன்.]

6

இனி வருவதை நான் தடுத்திருக்க வேண்டும் என்று சில வாசகர்கள் சொல்வார்கள். நான் அங்கே இருக்கவில்லை. ஜெஸீமும், அன்று ட்ரயலுக்கு வந்திருந்த பெண்களும் சொல்லித்தான் எழுதுகிறேன்.

ட்ரயல் நாள். றொசானி மைதானத்துக்குள் நடந்து போய், எட்டின் இரண்டு வட்டங்களும் சந்திக்கிற இடத்தில் நின்றாள். அப்போது ஸ்கூட்டரில் இருந்தவள் பெரியநீலாவணையிலிருந்து வந்து ஜெஸீமிடம் பழகிய நிரோஜினி.

"அக்கா, விலகுங்க. நான் வேலைக்கு லீவு போட்டு வந்திருக்கன்."

"விலகுறன் புள்ள. அங்க இருந்து கொஞ்சம் வேகமா வந்து, என்ன இடிக்காம நிப்பாட்டிக் காட்டு. உடனே விலகுறன்."

பரிசோதகர் சிங்களத்தில் சத்தம் போட்டார். வரிசையில் நின்ற பெண்களும் ஏசினார்கள். யாருக்கும் வெயிலில் நிற்க விருப்பமில்லை. ஜெஸீம் கெஞ்சினார். "தங்கச்சி, உங்கட கால்ல விழுறன், வெளிய வாங்க. இந்தப் புள்ளைகள்ற நாளக் கெடுக்காதீங்க." றொசானி அசையவில்லை.

நிரோஜினிக்குக் கோபம் வந்துவிட்டது. ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு மைதானத்தின் ஓரத்துக்குப் போனாள். ஜெஸீம் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் முறுக்கிக்கொண்டு வந்தாள். கொஞ்சத் தூரம் இருக்கும்போதே பிரேக்கைப் பிடித்தாள். ஸ்கூட்டர் நிற்கவில்லை, உறுமியது. அவள் கத்திக்கொண்டு இரண்டு காலையும் நிலத்தில் ஊன்ற, வண்டி சரிந்து இழுபட்டு வந்து றொசானியின் முழங்காலில் முட்டி நின்றது.

நிரோஜினியின் கை உரசித் தோல் போயிருந்தது. றொசானி நொண்டிக்கொண்டே அவளைத் தூக்கிவிட்டாள். "பார்த்தீங்கதானே," என்றாள் பரிசோதகரிடம். லைசனை அவருடைய மேசையில் வைத்துவிட்டு, சொன்னபடியே விலகிப் போனாள்.

அவள் செய்தது பிழை. ஒரு பிள்ளையின் உடம்பை வைத்துத் தன் நியாயத்தை நிறுவக் கூடாது. பிறகு நிரோஜினியிடம் போய் றொசானியே அதைச் சொன்னாள். ஆனால் நான் கோபப்படுவது அதற்காக அல்ல. ஸ்கூட்டரை நிமிர்த்தினார்கள். நிரோஜினியின் கைக்கு மருந்து போட்டார்கள். தண்ணீர் குடிக்கக் கொடுத்தார்கள். கண்ணைத் துடைத்துவிட்டு ஏறச் சொன்னார்கள். அவள் மெதுவாக, அழகாக, கால் படாமல் எட்டுப் போட்டாள்.

பாஸ்.

நிறுத்தத் தெரியாது என்பதை அத்தனை பேரும் கண்ணால் கண்ட பிறகு, பாஸ்.

7

முடிவுகள் சிலவற்றை எழுதி வைத்திருக்கிறேன்.

அ. புதிய அதிகாரி ஒருவர் வருகிறார். எட்டுக்குப் பக்கத்தில் ஒரு நேர்கோடு கீறச் சொல்கிறார். வேகமாக வந்து அதில் நிறுத்துகிறவர்களுக்குத்தான் லைசன். [இப்படி யாரும் வரவில்லை.]

ஆ. அச்சிமுகம்மது மன்னித்துவிடுகிறார். இதை வாசித்த நண்பர் ஒருவர், இரண்டு சமூகங்களுக்கும் நல்ல செய்தியாக இருக்கும், இதையே வையுங்கள் என்றார். [முடியாது. அந்த மனிசன் கேட்ட கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. பதில் வராமல் அவரை மன்னிக்க வைக்க நான் யார்?]

இ. றொசானி ஊரைவிட்டுப் போய்விடுகிறாள். [அப்படியொரு முடிவு பலருக்கு வசதியாக இருக்கும் என்பதாலேயே இதை வெட்டினேன்.]

நடந்தது இவ்வளவுதான். மேசையில் விட்ட லைசனை ஜெஸீம் அவளுடைய வீட்டுக்குக் கொண்டுபோனார், அவள் வாங்கவில்லை. என்னிடம் தந்தார். அது என் கைப்பையில் கிடக்கிறது. இரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளை இப்போது வீடுகளுக்கு அனுப்புவதில்லை; உள்ளே இருந்து குழாய்களில் பெயர் ஒட்டுகிறாள். வீடுகளுக்குப் போக லைசனுள்ள வேறொரு பிள்ளையைச் சேர்த்திருக்கிறார்கள். அச்சிமுகம்மதுவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அவருக்கு இரத்தம் எடுக்க மட்டும் றொசானி பஸ் ஏறிப் போகிறாள். அவர் கையை நீட்டுவார். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். அவள் எடுத்து முடித்ததும், "பதில் வந்ததா?" என்று கேட்பார். "இல்ல, ஐயா," என்பாள். வேறு கதை இல்லை.

ஜெஸீமுக்கு இதை அனுப்பினேன். வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. "டீச்சர், நான் நிப்பாட்டப் பழக்கினா மத்த லேனஸை விட ரெண்டு கிழமை கூட எடுக்கும். ஆக்கள் எங்கிட்ட வரமாட்டாங்க." அவர் சொல்வது சரி. வரமாட்டார்கள். அந்த ஆக்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். எந்த லேனஸில் சுறுக்காக முடியும் என்று விசாரித்துத்தானே நாமெல்லாம் போனோம்?

முடிவை நான் எழுதப் போவதில்லை. உங்கள் வீட்டில் மனைவியோ மகளோ தங்கையோ ஸ்கூட்டர் பழகியவர் ஒருவர் இருப்பார். இப்போதே கூப்பிடுங்கள். வேகமாகப் போகும்போது ஒருவர் குறுக்கே வந்தால், ஆக்ஸிலேட்டரை முறுக்குகிற வலது கை என்ன செய்யும் என்று கேளுங்கள். அவர் யோசிக்கிற அந்த நேரத்துக்குள் வண்டி எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று பாருங்கள். அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்கிறீர்களோ, அதை இதற்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.