லத்தீஃபாவின் திரி

முப்பத்தொரு மணி நேரமாக ஃபஹ்மிதா அந்தத் தனிமடலை மனதுக்குள் அடக்கி வைத்திருந்தாள். போனில் பேசிச் சமாளிக்கலாம் என்று நினைத்திருந்தாள். லத்தீஃபா பஸ் ஏறி நன்னிலத்தில் இவள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"லேப்டாப்பத் தூக்கிட்டே வந்துட்டேன்மா. எங்க ஊர்ல நெட்டு கார்டுக்கு சிக்னல் ஒரு புள்ளி வரல. மொட்டை மாடியில ஏறி நின்னு பாத்தேன், காக்காதான் வருது" என்று வாசலிலேயே சிரித்தாள். துணிக்கடைப் பைக்குள் லேப்டாப்பை வைத்து, குழந்தைக்குப் போர்த்துவது போல மேலே ஒரு துண்டைப் போர்த்தியிருந்தாள்.

"வாங்க லாத்தா" என்றாள் ஃபஹ்மிதா. வயதில் மூத்தவளை அக்கா என்பது போல லாத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

ஃபஹ்மிதா வேதியியல் படித்துவிட்டு வீட்டில் இருந்தாள். நாலு பேருக்கு நடுவில் பேசச் சொன்னால் பேச்சு வராது. எழுதச் சொன்னால் எழுதுவாள். அதனால்தான் 'அக்கரை' மன்றத்தில் அவளுக்கு அந்தப் பொறுப்பு. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவர்களும், அவர்களைத் தேடுகிற குடும்பங்களும் எழுதிக்கொள்கிற இணையதளம் அது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எந்தப் பகுதியில் எழுதுவது, படம் எப்படி ஏற்றுவது, பதில் வந்தால் எங்கே பார்ப்பது என்று சொல்லிக்கொடுப்பாள்.

லத்தீஃபா அங்கே சேர்ந்தது புருஷனைத் தேடி. ஹம்தான் தம்மாமில் ஏசி மெக்கானிக். சவூதியில் பொது மன்னிப்பு கொடுத்திருந்த சமயம். விசா சரியில்லாதவர்கள் எல்லாம் கும்பல் கும்பலாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். ஹம்தானின் கம்பெனியையும் மூடிவிட்டார்கள். அத்தோடு அவர் போனும் அணைந்துபோனது. அவர் வரவில்லை.

மன்றத்தில் சேர்ந்தவுடன் எல்லாருக்கும் இயந்திரம் தானாக ஒரு வரவேற்பு மடல் அனுப்பும். லத்தீஃபா அதற்கு இரண்டு பக்கம் பதில் எழுதிவிட்டுக் காத்திருந்தாள். "சலாமுக்குக்கூட பதில் சொல்லல, என்ன மனுசங்களோ" என்று பிற்பாடு குறைப்பட்டாள்.

அப்புறம்தான் ஒரு திரி தொடங்கினாள். ஒரு விஷயத்தை எழுதினால் அதன் கீழே பதில்கள் கோத்துக்கொண்டே போகும், அதுதான் திரி. எதை எழுதினாலும் முதலில் மேலே பிஸ்மில்லாவுக்கு அடையாளமாக 786 போடுவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். தலைப்பு கேட்ட கட்டத்திலும் அதையே போட்டுவிட்டாள். மன்றத்தின் பட்டியலில் தலைப்பு மட்டும்தான் தெரியும். வெறும் 786-ஐப் பார்த்து யாரும் திறக்கவில்லை. ஃபஹ்மிதா தற்செயலாகத் திறந்தபோது, உள்ளே ஒரு பெண் தன் புருஷனைப் பற்றி எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தாள்.

அன்றைக்கே அதிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். "தலைப்புல அவங்க பேரு, ஊரு, கம்பெனி போடுங்க லாத்தா."

"அப்ப 786?"

"உள்ள முதல் வரியில வச்சுக்கலாம்."

"உள்ள வச்சா குத்தமில்லையே?"

"இல்ல லாத்தா."

படம் ஏற்றச் சொல்லிக்கொடுக்க ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. படம் ஏறியதும் திரிக்கு உயிர் வந்தது. தம்மாமில் கடை வைத்திருக்கும் நெய்னா முகம்மது வெள்ளிக்கிழமைகளில் தேடிப் போவதாக எழுதினார். முகம் தெரியாதவர்கள் அவர் திரும்பி வர இறைவனிடம் துஆ செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் லத்தீஃபா 'நன்றி' பொத்தானை அமுக்கினாள்.

அந்தப் படத்தை ஹம்தானும் பார்த்துவிட்டார்.

ஃபஹ்மிதாவுக்குத்தான் தனிமடல் வந்தது. 'நான் உயிரோடு இருக்கிறேன். அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். வெறுங்கையோடு வீட்டு வாசலில் போய் நிற்க என்னால் முடியாது. லத்தீஃபாவிடம் சொல்லாதீர்கள்.' எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். சொல்ல வேறு ஆள் இல்லாதவர் போல அதையும் எழுதினார். கடைசியில் ஒரு வரி: 'அவளுக்குத் தெரிந்தால் இங்கிருந்தும் போய்விடுவேன். அப்புறம் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.'

ஷார்ஜாவிலிருந்து மன்றத்தை நடத்தும் மதிவாணனிடம் ஊரும் பெயரும் சொல்லாமல், இதை வீட்டாரிடம் சொல்லலாமா என்று கேட்டுப் பார்த்தாள். 'தனிமடல் ரெண்டு பேருக்கு நடுவுல உள்ளதும்மா. ஒண்ணு வெளியில போச்சுன்னு தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தன் நம்பி எழுத மாட்டான்' என்று பதில் வந்தது. அவர் சொன்னதும் சரிதான். அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

லத்தீஃபா லேப்டாப்பை மேஜைமேல் வைத்து நெட் கார்டைச் செருகினாள். "வழியெல்லாம் காஞ்சு கெடக்கும்மா. ஒரு வயல்ல பச்சை இல்ல" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "நெய்னா அண்ணன் எழுதியிருக்காங்க. அங்க ஆஸ்பத்திரி பொணவறையில ஆளு பேரு தெரியாத மையத்து மூணு இருக்காம். ஒடம்புல அடையாளம் எழுதி அனுப்புனா போய்ப் பாக்குறாங்களாம். எல்லாரும் படிக்கிற எடத்துல அத எப்படி எழுதுறது? தனியா எழுதலாமாமே. அத சொல்லிக் குடு."

"இப்பவேவா லாத்தா? நெட்டு மெதுவா இருக்கு."

"மெதுவாவே போகட்டும். நான் கடைசி பஸ்ஸுக்குத்தான் போவேன்."

மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது. அப்பாடா என்று ஃபஹ்மிதா நினைத்த மறு நொடி, லேப்டாப் வெளிச்சம் குறையாமல் எரிவதைப் பார்த்தாள்.

"இதுல மூணு மணி நேரம் சார்ஜ் நிக்கும். மச்சான் பாத்து வாங்குனது" என்று புருஷனைப் பற்றிப் பெருமையாகச் சொன்னாள் லத்தீஃபா.

வேறு வழியில்லாமல் ஃபஹ்மிதா தனிமடல் பெட்டியைத் திறந்து காட்டினாள். "இங்க நெய்னா அண்ணன் பேரு. இங்க விஷயம்."

"இங்கயும் தலைப்பு கேக்குதே. ஹம்தான்னு போடுறேன். பாத்தியா, கத்துக்கிட்டேன்." ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள். தட்டத் தட்டச் சத்தமாகப் படித்தாள். "எடது கையில அயர்ன் பாக்ஸ் சுட்ட தழும்பு. நான்தான் சுட்டேன்மா, கலியாணமான புதுசுல. பக்கத்துல நின்னு நொய்நொய்னு பேசிக்கிட்டே இருந்தாங்க, திரும்புனேன், பட்டுடுச்சு. அதையும் எழுதணுமா?"

"வேணாம் லாத்தா."

"முன்பல்லு ஒண்ணு லேசா ஏறியிருக்கும்." விரல் நின்றது. "நீ சயின்ஸ் படிச்சவதானே. மௌத்தானவங்களுக்கு வாய் மூடியிருக்குமா, தொறந்திருக்குமா? மூடியிருந்தா பல்லு எப்படிப் பாப்பாங்க?"

அடுக்களையில் ஃபஹ்மிதாவின் உம்மா தேநீர் ஆற்றும் சத்தம் கேட்டது.

"சொல்லு புள்ள. எனக்கு ஒண்ணும் ஆகாது. அழுது முடிச்சிட்டுத்தான் வந்தேன்."

"தெரியல லாத்தா."

"சரி, எழுதி வைப்போம்." எழுதி முடித்தாள். மறுபடி முதலிலிருந்து ஒரு தரம் படித்துப் பார்த்தாள். "எத அமுக்கணும்? பச்சையா இருக்கே, அதானே?"

அதுதான். அதை அமுக்கினால் வெள்ளிக்கிழமை நெய்னா முகம்மது கடையைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். மூன்று பிணங்களின் கையைத் திருப்பிப் பார்ப்பார். இல்லை என்று எழுதுவார். லத்தீஃபா 'நன்றி' அமுக்குவாள். அடுத்த ஊர் ஆஸ்பத்திரிக்கு எழுத இப்போதுதான் கற்றுக்கொண்டாளே.

லத்தீஃபாவின் விரல் பொத்தான்மேல் இறங்கும் முன் ஃபஹ்மிதா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா? தப்பா எழுதிட்டனா?"

"இல்ல லாத்தா. சரியாத்தான் எழுதியிருக்கீங்க."

"பின்ன ஏன் கையப் புடிச்சிருக்க?"

சொன்னால் அவர் போய்விடுவார். சொல்லாவிட்டால் இவள் பிணம் தேடுவாள். எழுதிக் காட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் இரண்டு கைகளும் லத்தீஃபாவின் கையைப் பிடித்திருந்தன.

"அத அனுப்ப வேணாம். அவங்க மையத்து இல்ல."

லத்தீஃபா திரும்பினாள். "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு எழுதுனாங்க. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எழுதுனாங்க."

"எங்கேர்ந்து?"

ஃபஹ்மிதா அவள் கையை விட்டாள்.

"தஞ்சாவூர்லேர்ந்து லாத்தா. ரெண்டு மாசமா அங்கதான் இருக்காங்க. பழைய பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு ஓட்டல்ல பார்சல் கட்டுறாங்க."